இருக்கை வசதி உள்ளதா: ஆம்

போன மாதம் வனிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய இரண்டு வருடம் தி.நகர் பகுதியில் என்னுடன் தொழிலாளர் உதவி ஆய்வாளராக இருந்தவள். நான் பார்த்துக்கொண்டிருந்த கடைகளை இப்போது அவள்தான் பார்க்கிறாள்.

"மேடம், ஒரு சந்தேகம். இருபத்தொன்பது தொழிலாளர் சட்டத்தைச் சேர்த்து நாலு தொகுப்பா ஆக்கிட்டாங்க இல்லையா? அதுல ஆய்வாளர்ங்கிற பேரோட, உதவி செய்யறவர்னும் சேர்த்துப் போட்டிருக்கு. அப்போ ஒரு கடைக்குள்ள போனா நான் தப்பைக் கண்டுபிடிக்கிறதா, தப்பு வராம இருக்க வழி சொல்றதா?"

"ரெண்டும்தான் போலிருக்கு."

"ஒரே நாள்லயா மேடம்?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கடைகள் சட்டம் மாநிலத்தினுடையது, அது அப்படியே இருக்கிறது என்று ஒரு மேலதிகாரி சொன்னாராம். பொறுங்கள், விதிகள் வரட்டும் என்று இன்னொருவர் சொன்னாராம். கடை முதலாளிகள் இவளைக் கேட்கிறார்கள். இவள் என்னைக் கேட்கிறாள். கடைசியாக, "அந்த உக்காருற சட்டம் இருக்கே, அதுல அந்தப் பட்டுக்கடைக்கு நீங்க என்ன மேடம் எழுதினீங்க? ஃபைல்ல 'ஆம்'னு மட்டும் இருக்கு" என்றாள்.

அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அந்த 'ஆம்' என் கையெழுத்தில் உள்ளதுதான். அதை எழுதியபோது எனக்கு என்ன தெளிவாக இருந்தது என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒன்றும் தெளிவாக இல்லை என்பதுதான் ஞாபகம் வந்தது.

தேர்வாணையத் தேர்வு எழுதி நான் இந்த வேலைக்கு வந்தபோது, பயிற்சியில் எடைக்கற்களுக்கு முத்திரை போடுவதிலிருந்து பதிவேடு பார்ப்பது வரை எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். எதையும் நான் பயிற்சியில் கற்றுக்கொள்ளவில்லை. வேலூரில் ஐந்து வருடம், செங்கல்பட்டில் நாலு வருடம், பிறகு சென்னை. கற்றுக்கொண்டது என்று ஏதாவது உண்டென்றால் அது மாணிக்கவாசகம் சாரிடம்.

அவர் எங்கள் உதவி ஆணையர். ஒல்லியான மனிதர், அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. நாங்கள் எழுதிக்கொண்டு போகும் ஆய்வுக் குறிப்பை மேஜையில் விரித்து, வரிக்குக் கீழே ஒரு மர ஸ்கேலை வைத்துப் படிப்பார். ஒரு வரி முடிந்தால்தான் ஸ்கேல் கீழே இறங்கும். சந்தேகம் வந்த வார்த்தைக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி. பிறகு நிமிர்ந்து, "இது நீங்க பாத்ததாம்மா, நெனச்சதா?" என்று கேட்பார். பார்த்தது என்றால் எங்கே, எப்போது, யார் இருந்தார்கள். நினைத்தது என்றால், "நெனப்பை வீட்டுல வெச்சுக்கலாம். கோர்ட்டுல கேக்க மாட்டாங்க." பதில் திருப்தியாக இருந்தால் அந்தக் கேள்விக்குறியை அவரே அழித்து, ரப்பர் தூளை ஊதிவிட்டு அடுத்த வரிக்குப் போவார். கடைகளில் அவர் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. பையில் பாட்டில் இருக்கும்.

கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தில் புதிய பிரிவு சேர்ந்தபோது எங்களுக்கெல்லாம் சந்தோஷம். பட்டுக்கடைகளில் காலையில் நின்றால் கடை சாத்தும் வரை நிற்கும் பெண்களை வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறோம். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைத்தால் உட்காரும்படி, ஊழியர் எல்லோருக்கும் பொருத்தமான இருக்கை வசதி இருக்க வேண்டும். பிரிவின் சாரம் அவ்வளவுதான். எங்களுக்கு வந்த படிவத்தில் அது இன்னும் சுருங்கியிருந்தது. 'இருக்கை வசதி உள்ளதா? ஆம் / இல்லை.'

கஸ்தூரி அந்த நாட்களில்தான் அலுவலகத்துக்கு வந்தாள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். தி.நகரில் ஒரு பெரிய பட்டுக்கடையின் முதல் மாடியில் கல்யாணப் புடவைப் பிரிவில் பதினான்கு வருடமாக விற்பனை. முன்பு சைதாப்பேட்டை ஆற்றோரம் வீடு. அரசாங்கம் அவர்களை அங்கிருந்து எடுத்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் வைத்தபிறகு பஸ்ஸில் போக மட்டும் ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். அன்று அவளுக்கு வார விடுமுறை. புடவையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தன.

"டாக்டரு நிக்காதேன்றாரு. ஸ்டூலு வாங்கிப் போட்டுக்கீறாங்க மேடம், இல்லேன்னு சொல்லல. ஆனா உக்காந்தா மைக்குல கூவுறாங்க. சூப்பர்வைசரு கேமரா பாத்துகினே இருப்பாரு. 'மூணாம் நம்பர் கவுன்ட்டர்ல ஆள் எங்க?'ன்னு மாடி முழுக்கக் கேக்கும். கஸ்டமருங்க எல்லாம் திரும்பிப் பாப்பாங்க. மானம் போவுது. அதுக்கு நின்னுட்டே போலாம்."

"எழுதிக் குடுக்கிறீங்களா?"

"அய்யோ வேணாம் மேடம். எங்க அக்கா பொண்ணும் அங்கதான் கீது. நான்தான் சேத்துவுட்டேன். நீங்க தானா வர்ற மாரி வந்து பாருங்க."

தானாக வந்த மாதிரி அடுத்த வாரம் போனேன். அடையாள அட்டையைக் காட்டினேன். வேலை நேரப் பலகை, பணி நியமன ஆணைகள், வருகைப் பதிவேடு என்று வரிசைப்படி பார்த்துக்கொண்டு முதல் மாடிக்கு ஏறினேன். முதலாளியே கூட வந்தார். தெற்கத்திக்காரர். அண்ணாச்சி என்றுதான் கடையில் எல்லோரும் கூப்பிடுவார்கள். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா. மாடியில் இருபத்துநான்கு பெண்கள். கவுன்ட்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்து எண்ணினேன். இருபத்துநான்கு பிளாஸ்டிக் ஸ்டூல்கள், நீலமும் சிவப்புமாக, அடித்தட்டுக்குக் கீழே ஒழுங்காகத் தள்ளி வைக்கப்பட்டிருந்தன.

"பேப்பர்ல பாத்த மறுநாளே வாங்கிப் போட்டுட்டேம்லா" என்றார் அண்ணாச்சி.

ஒவ்வொரு பெண்ணிடமும் கேட்டு, சொன்னதை வாக்குமூலமாக எழுதிக் கையெழுத்து வாங்கினேன். உட்காருவீர்களா? உட்காருவோம் மேடம். உட்கார்ந்தால் யாராவது எதாவது சொல்வார்களா? இல்லை மேடம். இருபத்துமூன்று பேரும் ஒரே பதில். கஸ்தூரியின் முறை வந்தது. அவளும் என்னை முதல்முறை பார்ப்பவளைப் போல, "உக்காருவோம் மேடம்" என்றாள்.

அப்போது நான் ஒரு தவறு செய்தேன். மற்றவர்களிடம் செய்யாத ஒன்றை அவளிடம் செய்தேன். "நிஜமாவா?" என்று இன்னொரு முறை கேட்டுவிட்டேன். அவள் முகம் மாறியது. அண்ணாச்சிக்குப் பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒரே வார்த்தைதான். அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழியில்லை.

ஆய்வுக் குறிப்பில், 'இருக்கைகள் உள்ளன. ஆனால் பயன்படுத்த அனுமதிக்கப்படுவதில்லை' என்று எழுதினேன். மறுநாள் மாணிக்கவாசகம் சாரின் ஸ்கேல் அந்த வரியில் நின்றது. 'அனுமதிக்கப்படுவதில்லை' என்பதற்குப் பக்கத்தில் கேள்விக்குறி.

"இது நீங்க பாத்ததாம்மா?"

"ஒருத்தங்க சொன்னாங்க சார்."

"வாக்குமூலத்துல அவங்களும் உக்காருவோம்னு கையெழுத்துப் போட்டிருக்காங்களே."

"முதலாளி முன்னாடி வேற என்ன சார் சொல்வாங்க?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "உங்களை நான் நம்பறேன். இந்த வரியை நம்ப முடியல. எனக்கு இது ரெண்டும் எப்படி ஒண்ணா இருக்குன்னு தெரியல, ஆனா இருக்கு" என்றார். அவர் தெரியவில்லை என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த வரியை நானே அடித்தேன்.

மூன்று வாரம் கழித்துக் கஸ்தூரி வந்தாள். உட்காரச் சொன்னேன். நின்றாள்.

"என்ன ஆச்சும்மா?"

"உக்கார வெச்சுட்டாங்க மேடம்."

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு சொன்னாள். நான் போய்வந்த மறுவாரமே அவளைப் பின்கட்டு குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். புடவைகளுக்கு விலைச்சீட்டு ஒட்டும் வேலை. தாழ்வான மேஜை, ஸ்டூல், ஒரு ஃபேன். காலை முதல் கடை சாத்தும் வரை உட்கார்ந்தே இருக்கலாம். கால் வீக்கம்கூடக் குறைந்திருக்கிறது. சம்பளத்தில் கை வைக்கவில்லை. யாரும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை.

"பதினாலு வருசம் மேடம். கல்யாணப் பொண்ணு படியேறி வர்றப்பவே இதுக்கு மாம்பழக் கலரா, அரக்கா, எது எடுக்கும்னு எனக்குத் தெரியும். கூட வர்ற அத்தைக்காரி எதுக்கு மூஞ்ச திருப்பும்னும் தெரியும். அம்மாவுக்கு எடுத்தவங்க பொண்ணுக்கும் என்னாண்டதான் வந்தாங்க. இப்போ அங்க சீட்டு ஒட்டிகினு கீறேன். பேசறதுக்கு ஆளு இல்ல. உக்காரணும்னு கேட்டேன், உக்கார வெச்சுட்டாங்க. இப்போ நிக்கணும்னு கேக்கறதுக்கு இன்னா சட்டம் கீது, சொல்லுங்க."

என் மேஜையில் சட்டப் புத்தகம் இருந்தது. எதற்கோ பக்கங்களைப் புரட்டினேன். அதில் இல்லை என்று தெரிந்தும் புரட்டினேன். இடமாற்றம் பற்றிப் புகார் தருவதென்றால் வேறு அதிகாரி, வேறு நடைமுறை, எழுத்தில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்றேன். அக்கா பெண்ணை நினைத்தோ என்னவோ, அவள் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போய்விட்டாள். எழுந்து என்று எழுதிவிட்டேன். அவள் கடைசிவரை உட்காரவே இல்லை.

மாணிக்கவாசகம் சாரிடம் சொன்னேன். 'நிஜமாவா' என்று நான் கேட்டதையும் சொன்னேன். ஸ்கேலை ஓரமாக எடுத்து வைத்தார். பிறகு, "போய்ப் பாருங்க. எழுத வேணாம். பேசிட்டு வாங்க" என்றார். பேசுவதற்கென்று ஒரு படிவமும் எங்களிடம் கிடையாது. நான் வெறுங்கையோடு போனேன்.

அண்ணாச்சி தன் அறையில் உட்காரவைத்தார். சுற்றிவளைக்காமல் கேட்டேன்: கஸ்தூரியை ஏன் மாற்றினீர்கள்?

"கால் வலின்னு அந்தப் பிள்ள சொல்லிச்சாம். உக்காந்து செய்யற வேலையாப் பாத்துக் குடுக்கச் சொன்னேன். இதுல என்ன தப்பு மேடம்?"

"கோபத்துல மாத்தலையே?"

"கோவம் இல்லன்னு சொன்னா பொய்யாயிரும். பதினாலு வருசமா எங்கூட இருக்க பிள்ள, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா? ஆபீஸ் வரைக்கும் போவணுமா? ஆனா அந்தக் கோவத்துல தண்டிச்சேனா, கால் வலிக்கிதேன்னு மாத்துனேனான்னு கேட்டா, எனக்கே சரியாச் சொல்லத் தெரியல. நானும் ஒருத்தர் கடையில பன்னெண்டு வருசம் நின்னவன்தான். கஸ்டமர் முன்னாடி உக்காந்தா மரியாத இல்லன்னு சொல்லிக் குடுத்தாங்க. அத வச்சித்தான் இந்தக் கடையே வந்துச்சு. இப்போ உக்கார வைன்னு சொல்லுது சட்டம். வச்சேன். வருசம் பூரா கடையத் தொறக்கலாம்னு ஒரு உத்தரவு வருது, ஆளுக்கு லீவு கட்டாயம்னு அதுலயே வருது. ஒண்ணு ஒண்ணா செஞ்சிட்டுத்தான் வாரேன். நான் எதுல தப்பு பண்ணுனேன், நீங்களே சொல்லுங்க. திருத்திக்கிடுதேன்."

அவர் நடிக்கவில்லை. இத்தனை வருடத்தில் நடிப்பவர்களை நிறையப் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். அவர் கண்ணில் இருந்தது கஸ்தூரியின் கண்ணில் இருந்த அதே குழப்பம். இருவருக்கும் நடுவில் நான். "யோசிச்சுப் பாருங்க அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அரசாங்க அதிகாரி சொல்லக்கூடிய வாக்கியமா அது? அன்று வீட்டுக்கு வந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கஸ்தூரியை மீட்டது நானோ சட்டமோ இல்லை. தை மாதம் மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி பேத்தியின் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்திருக்கிறார். பிறகு கஸ்தூரியே போனில் அந்த மாமியின் குரலில் எனக்கு நடித்துக் காட்டினாள்: "'கஸ்தூரி எங்கே? எங்காத்துல மூணு கல்யாணத்துக்கு அவதான் எடுத்துக் குடுத்தா. அவ இல்லாம நேக்கு ஒண்ணும் புரியாது. வர வரைக்கும் இப்படியே உக்காந்துண்டு இருக்கேன்'னு நடு ஹால்ல உக்காந்துகிச்சு மேடம் அது. யாரு உக்காரக்கூடாதுன்னு சொல்ல முடியும்?"

அரை மணி நேரம் பார்த்துவிட்டு அண்ணாச்சியே குடோனுக்கு வந்து, "மேல போம்மா" என்றாராம். அன்றிலிருந்து மறுபடி மூன்றாம் நம்பர் கவுன்ட்டர்.

அந்த வருட ஆய்வுக்கு நான் போனபோது ஸ்டூல்கள் இருந்தன. மைக்கை எடுத்துவிட்டிருந்தார்கள். யாரும் யாரையும் தடுப்பதாகத் தெரியவில்லை. ஆனால் கஸ்தூரி நின்றுகொண்டிருந்தாள். ஆள் இல்லாத நேரம்தான். "உக்காரலையா?" என்றேன். "பரவால்ல மேடம்" என்றாள். பயமா, வீம்பா, பழக்கமா, எனக்கு விளங்கவில்லை. இந்த முறை இரண்டாவது தடவை கேட்கவில்லை. படிவத்தில் 'ஆம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாணிக்கவாசகம் சார் ஸ்கேலை வைத்துப் படித்தார். கேள்விக்குறி எதுவும் போடவில்லை. நான் போட்டிருப்பேன்.

வனிதா போன் செய்த அடுத்த வாரம் அந்தக் கடைக்குப் போனேன். தம்பி மகள் கல்யாணத்துக்கு ஒரு புடவை வேண்டியிருந்தது. வேலையில் இருந்தவரை நான் ஆய்வு செய்யும் கடைகளில் எதுவும் வாங்கியதில்லை. கே.கே. நகரில் வீட்டுக்குப் பக்கத்திலேயே எடுத்துக்கொள்வேன். முதல்முறையாக ஒரு வாடிக்கையாளராகப் படியேறினேன்.

கஸ்தூரிக்கு முன்பக்கம் நரைத்திருந்தது. காலில் இறுக்கமான உறை. என்னைப் பார்த்ததும் சிரித்து, நாற்காலி இழுத்துப் போட்டு, கேட்காமலேயே ஒரு கத்தரிப்பூ நிறப் புடவையை எடுத்து விரித்தாள். எனக்கு அது பிடித்திருந்தது. பகல் இரண்டு மணி, மாடியில் கூட்டம் இல்லை.

"நீயும் உக்காரேன் கஸ்தூரி. நான் இப்போ ஆபீசர் இல்ல."

"உக்காந்தா எப்பிடி மேடம் பொடவ காட்டுறது?"

"காட்டி முடிச்சாச்சே."

"இப்பிடி உள்ள வாங்க" என்றாள். கவுன்ட்டர் பலகையைத் தூக்கி வழிவிட்டாள். அடித்தட்டுக்குக் கீழிருந்து நீல ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காந்து பாருங்க" என்றாள்.

உட்கார்ந்தேன். தரையில் உட்கார்வது போல் இறங்கிக்கொண்டே போனது உடம்பு. ஒரு அடிதான் இருக்கும். முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. என் முன்னால் கவுன்ட்டரின் பிளைவுட் பலகை, அதற்கு மேல் அடுக்கியிருந்த புடவைகள். ஹால் தெரியவில்லை. படி தெரியவில்லை. எதிரே நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது யாராவது வந்து உட்கார்ந்தாலும் அவர்கள் முகம் எனக்குத் தெரியாது. கேமராவுக்கும் இந்தக் கவுன்ட்டர் காலியாகத்தான் தெரியும். எழுந்திருக்கப் பலகையைப் பிடிக்க வேண்டியிருந்தது.

"கஸ்டமரு வர்றது தெரியாது மேடம். காலும் மடங்கிக்கும், எழுந்திருச்சா இன்னும் வலிக்கும். குடோன்ல மேஜ தாழ்வா இருந்துச்சு, சரியா இருந்துச்சு. இங்க எதுக்கு ஒதவும்?"

"இதை ஏம்மா அன்னிக்கே சொல்லல?"

"நீங்க கேக்கலியே. உக்காருவீங்களா மாட்டீங்களான்னுதான் கேட்டீங்க."

நான் இரண்டு தடவை அந்த ஸ்டூல்களை எண்ணியிருக்கிறேன். நிறம்கூட ஞாபகம் இருக்கிறது. ஒன்றிலும் ஒரு நாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. பொருத்தமான இருக்கை என்று சட்டத்தில் எழுதியிருந்ததை நூறு தடவை படித்தவள் நான்.

அண்ணாச்சி என் குரல் கேட்டு அறையிலிருந்து வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. நான் கவுன்ட்டருக்கு உள்ளே நிற்பதைப் பார்த்துத் திகைத்தார். விஷயத்தைச் சொன்னேன். நம்பாதவர் போல அவரும் உள்ளே வந்து வேட்டியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். சிறிது நேரம் பிளைவுட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தட்டுக்கு அடியில போவணுமேன்னு பாத்துல்லா வாங்குனேன்" என்றார் மெதுவாக. பிறகு நிமிர்ந்து என்னைக் கேட்டார். "எத்தன இஞ்சு இருக்கணும்னு சட்டத்துல போட்டிருக்கா மேடம்?"

இல்லை என்று எனக்குத் தெரியும். புதுத் தொகுப்பில், இனி வரப்போகும் விதிகளில் இருக்குமோ இருக்காதோ தெரியாது. வனிதாவைக் கேட்டுச் சொல்லவா என்று யோசித்தேன். அவள் யாரைக் கேட்பாள்?

அதற்குள் கஸ்தூரி, தன் தொடைக்குப் பக்கத்தில் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்தாள். "இவ்ளோ இருந்தா போதும் அண்ணாச்சி. சாஞ்சாப்பல உக்காந்துகினே பொடவ விரிக்கலாம்."

அண்ணாச்சி எழுந்திருக்கவில்லை. பிளவுஸ் துணிப் பிரிவிலிருந்து அளவு நாடாவைக் கொண்டுவரச் சொன்னார். அந்தத் தாழ்ந்த ஸ்டூலிலிருந்தே குனிந்து, நாடாவின் ஒரு முனையை அவள் பாதத்துக்குப் பக்கத்தில் தரையில் அழுத்திப் பிடித்து, மறுமுனையை அவள் கை வரைக்கும் இழுத்தார்.

"கைய ஆட்டாத" என்றார். "இருபத்தாறு."